குளோரின் சும்மா இருந்த முப்பது நாள்

நீச்சல் குளத்துக்கு வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் குளோரின். பக்கத்தில் வந்து நின்றாலே அந்த வாசனை வரும், அவ்வளவுதான் காரணம். பத்தொன்பது வருடமாக நகராட்சி நீச்சல் குளத்தைப் பராமரித்து வருகிறவர். பராமரிப்பது என்றால், ஆட்களைத் தவிர வேறெதுவும் அதில் உயிரோடு இல்லாமல் பார்த்துக்கொள்வது.

காலையில் வந்ததும் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரைப் பிடித்து மூன்று சொட்டு மருந்து விடுவார். தண்ணீர் மஞ்சளானால் குளோரின் இருக்கிறது, ஆகவே உலகம் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். மஞ்சள் வெளிறியிருந்தால் ஸ்டோர் ரூமுக்கு ஓடி பிளீச்சிங் பவுடர் எடுத்து வருவார். பிறகு பதிவேட்டில் எழுதுவார். நேரம், குளோரின், வெப்பம், கடைசியாக 'கவனித்தவை' என்று ஒரு கட்டம். பத்தொன்பது வருடமாக அந்தக் கடைசிக் கட்டத்தில் அவர் எழுதியது ஒரே வார்த்தை: 'ஒன்றுமில்லை'. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

அவர் மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். "நான் கத்தரிக்கோலை வேகவைக்கிறேன், இவர் குளத்தை வேகவைக்கிறார்" என்பாள் வீட்டுக்கு வருகிறவர்களிடம். "எங்க ரெண்டு பேருக்கும் பொழப்பே கொல்றதுதான்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது வடிகட்டும் மோட்டார் எரிந்துபோனது. புது மோட்டாருக்கு எழுதிப் போட்டார்கள். அது எந்த மேஜையில் தூங்கியதோ, எட்டு மாதம் வரவில்லை. குளத்தைக் காலி செய்யவும் முடியாது. அந்த இடத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கிறது. தண்ணீரின் எடை இல்லாவிட்டால் தொட்டி அப்படியே மேலே எழும்பி விரிசல் விட்டுவிடும். ஆகவே தண்ணீர் இருந்தது, நீச்சல் இல்லை. பவுடரைச் சேமிக்கச் சொல்லி உத்தரவு. ஆனால் பதிவேடு எழுதுவதை நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அவர் தினமும் வந்தார், எழுதினார்.

'ஒன்பதாம் நாள். தண்ணீர் பச்சை.' டாக்டர் தன் சொந்தப் பிள்ளையின் காய்ச்சலை எழுதுவதுபோல் எழுதினார். 'பதினாறாம் நாள். கொசுப்புழு, ஏராளம்.' 'இருபதாம் நாள். மல்லாந்து நீந்தும் பூச்சி, பெயர் தெரியவில்லை. படகுபோல் இரண்டு துடுப்பு.' 'நாற்பத்தொன்றாம் நாள். தும்பி பதினான்கு. தலைப்பிரட்டை.' பிறகு, எழுதியவரே கவனிக்காத ஒரு வரி: 'அறுபதாம் நாள். கொசுப்புழு காணோம்.'

குளத்துக்கு எதிரே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற ஒரு வங்கி மேலாளர். அவருக்குக் காலை நேர வேலை, பால்கனியில் நின்று குளத்தின் நிறத்தை விமர்சிப்பது.

"என்ன குளோரின், குளமா இது? பாசி பிடிச்ச அண்டா மாதிரி இருக்கு."

"மோட்டார் வரட்டும் சார்."

"மோட்டார் எங்க வரப்போகுது? மண்ணைக் கொட்டி மூடிட்டா நாற்பது கார் நிறுத்தலாம். ஊருக்கு உபயோகம்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அவரிடம் இரண்டு கார் இருந்தது. நிறுத்த ஓர் இடம்தான் இருந்தது.

ஐந்தாவது மாதத்தில், நகராட்சி ஆணையர் குளத்தைப் பார்க்க வருகிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. குளோரினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்தொன்பது வருடம் கண்ணாடிபோல் வைத்திருந்த தண்ணீரை இந்தக் கோலத்தில் காட்டுவதா? சேமித்து வைத்த பவுடரில் ஒரு வாளியை மட்டும் விட்டுவிட்டு மீதியை எல்லாம் பெரிய குளத்தில் கொட்டினார். பக்கத்திலேயே குழந்தைகளுக்கான முழங்கால் ஆழத் தொட்டி ஒன்று உண்டு, சின்னக் குளம் என்பார்கள். அதில் போடவில்லை. ஆணையர் அதையெல்லாம் எட்டிப் பார்க்க மாட்டார் என்பது அவர் கணக்கு.

நான்கே நாளில் தண்ணீர் தெளிந்தது. செத்து மிதந்ததை நீளக் கம்பு வலையால் அள்ளினார். மூன்று வாளி வந்தது. மூன்றாம் மாடிக்காரர்கூட பால்கனியிலிருந்து தலையாட்டினார். ஆணையர் மட்டும் வரவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கொசு வந்தது. முன்பு வந்ததுபோல் அல்ல. மாலையானால் குளத்தின் மேல் புகை எழும்புவதுபோல் எழும்பியது. மூன்றாம் மாடிக்காரர் பால்கனியை மூடிவிட்டு மனு எழுத உட்கார்ந்தார். வங்கியில் இருந்தவர், மனு நன்றாகவே எழுதினார்.

சுகாதார ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. நீளக் கைப்பிடி போட்ட வெள்ளைக் கரண்டி ஒன்றை வைத்துக்கொண்டு பெரிய குளத்தில் பத்து இடத்தில் முகந்து எண்ணினார். இருநூற்றுப் பன்னிரண்டு புழு.

"அண்ணே, பத்துக் கரண்டிக்குப் பத்துக்குக் கீழ இருக்கணும். அதான் விதி. முப்பது நாள் கழிச்சு வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா, மூடச் சொல்லி எழுதறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல. எண்ணெய் ஊத்தித் தரவா?"

"எண்ணெய் வேண்டாம் மேடம். டைல்ஸ் இடுக்குல இறங்கினா பத்து வருஷம் போகாது. அப்புறம் எவன் குளிப்பான்?"

"அப்ப என்ன செய்வீங்க?"

"பவுடர் இருக்கு" என்றார். ஒரு வாளிதான் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை.

அன்று சாப்பாட்டு மேஜையில் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி எதிரே உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள்.

"அறுபதாம் நாள் கொசுப்புழு காணோம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நூற்று நாற்பது வரைக்கும் காணோம். அப்புறம் எப்படி வந்துச்சு?"

"பவுடர் போட்டேன். அதுக்கப்புறம் வந்துச்சு."

"அப்ப பவுடர்தான் கொண்டுவந்துச்சா?"

"பவுடர் கொசுவைக் கொல்லும்டி. கொண்டுவராது."

"கொசுவை மட்டுமா கொன்னுச்சு? மூணு வாளி அள்ளினேன்னு பீத்திக்கிட்டீங்களே, அதுல என்னென்ன இருந்துச்சு?"

அவர் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். அவள் தன் தொழிலிலிருந்து ஒன்று சொன்னாள்.

"நாங்க கத்தரிக்கோலைச் சுத்தம் பண்ணினதும் மூடி வெச்சிடுவோம். திறந்து கிடந்தா எது முதல்ல பறந்து வருதோ அதுதான் அதுல குடியேறும். உங்க குளத்துக்கு மூடி இருக்கா?"

ஒன்றுக்குப் பின் இன்னொன்று வந்தது என்பதற்காக முன்னதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மழை பெய்திருக்கலாம், பருவம் மாறியிருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்க, அதே காற்றும் அதே வெயிலும் படுகிற, ஆனால் பவுடர் படாத இன்னொரு குளம் வேண்டும். அப்படி ஒன்றை அவரே தயார் செய்து வைத்திருந்தார், கஞ்சத்தனத்தால். மறுநாள் காலை வீட்டுக் கரண்டியோடு போய்ச் சின்னக் குளத்தில் பத்துத் தடவை முகந்தார். மல்லாந்து நீந்தும் பூச்சிகள் வந்தன. தும்பி ஆவதற்கு முன் தண்ணீரில் கிடக்கும், முறைத்துப் பார்க்கும் இளம்புழுக்கள் வந்தன. ஒன்று அவர் விரலைக் கடித்தது. கொசுப்புழு ஒன்றே ஒன்று. அதையும் அவர் எண்ணி முடிப்பதற்குள் துடுப்புக்காரப் பூச்சி ஒன்று கட்டிப் பிடித்து உறிஞ்ச ஆரம்பித்துவிட்டது.

கொசுவுக்கு ஒரு வாரமோ பத்து நாளோ போதும், முட்டை புழுவாகிப் பறந்துவிடும். தும்பிக்கு மாதக்கணக்கில் ஆகும். கூடிக் குடியிருந்ததை எல்லாம் ஒரே நாளில் துடைத்துவிட்டால் அவசரக்காரன்தான் முதலில் வந்து பாய் விரிப்பான். அவனைத் தின்கிறவன் நிதானமாக வருவான். அந்த இடைவெளியில்தான் இருநூற்றுப் பன்னிரண்டு.

சின்னக் குளத்திலிருந்து பெரிய குளத்துக்கு வாளி வாளியாக மாற்றிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் பெரிய குளத்தில் குளோரின் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் அத்தனையும் சாகும். கண்ணாடிக் குழாயை எடுத்தார். மூன்று சொட்டு விட்டார். மஞ்சள் வரக்கூடாதே என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டார். பத்தொன்பது வருடத்தில் அப்படி அவர் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. மஞ்சள் வரவில்லை.

அன்றும் அடுத்த மூன்று நாளும் நாற்பத்தாறு வாளி சுமந்தார். இனி செய்ய ஒன்றுமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சும்மா இருப்பதைப் பற்றிப் பெரியவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். கையில் பவுடர் வாளியும் தலைக்கு மேல் கெடுவும் வைத்துக்கொண்டு சும்மா இருந்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள் முகந்து பார்த்தார். புழு நூற்றைம்பது. அன்று மாலை வீட்டில் சொன்னார்.

"பாதி வாளி மட்டும் போட்டுப் பாக்கட்டா?"

"ஸ்டோர் ரூம் சாவி எங்க?"

"எதுக்கு?"

"குடுங்க சொல்றேன்."

சாவி அவள் கைப்பைக்குள் போனது. தினமும் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது. அடுத்த பதினெட்டு நாள் அவர் குளத்தைச் சுற்றி நடந்தார், எழுதினார், மறுபடி நடந்தார்.

"வாக்கிங்கா? சம்பளத்தோட வாக்கிங், குடுத்து வெச்சவன்யா நீ" என்று மூடிய கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து கத்தினார் மூன்றாம் மாடிக்காரர்.

"வேலை பாத்துட்டிருக்கேன் சார்."

"எங்க வேலை? ஒண்ணையும் காணோமே."

"அடியில நடக்குது சார்."

பதினெட்டாம் நாள் நூற்றுப் பத்து. இருபத்திரண்டாம் நாள் அறுபது. இருபத்தேழாம் நாள் பத்தொன்பது. பத்தொன்பது என்பது பத்துக்குக் கீழ் இல்லை.

முப்பதாம் நாள் ஆய்வாளர் வெள்ளைக் கரண்டியோடு வந்தார். மூன்றாம் மாடிக்காரரும் கீழே இறங்கி வந்திருந்தார், சாட்சிக்கு. ஒன்பது இடத்தில் முகந்ததில் மொத்தம் ஐந்து புழு.

"கடைசி எங்க எடுக்கட்டும்?" என்றார் ஆய்வாளர், குளோரினைப் பார்த்து.

நடுவில் காட்டியிருக்கலாம். அங்கே ஒன்றும் இராது என்று அவருக்குத் தெரியும். ஆனால் பத்தொன்பது வருடமாக, எங்கே அழுக்கு அதிகமோ அங்கேதான் சோதனைத் தண்ணீர் பிடித்துப் பழக்கம். கை தானாகவே ஏணிக்குக் கீழே இருந்த நிழல் மூலையைக் காட்டிவிட்டது. காட்டிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். இதை நேர்மை என்று தூக்கிவைக்க வேண்டியதில்லை; பழக்கம் என்றால் போதும். நல்ல பழக்கம்.

ஆய்வாளர் முகந்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.

மூன்றாம் மாடிக்காரருக்குக் கண் நன்றாகத் தெரியும். "அஞ்சு! நான் எண்ணிட்டேன். அஞ்சும் அஞ்சும் பத்து. பத்துக்குக் கீழ இல்ல மேடம், எழுதிக்குங்க."

ஆய்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கரண்டிக்குள் ஆறாவதாகவும் ஒன்று இருந்தது, மல்லாந்து. இரண்டு துடுப்பையும் ஒரு தள்ளு தள்ளியது. ஒரு புழுவைக் கட்டிப் பிடித்தது. அந்தப் புழு இரண்டு துள்ளு துள்ளிவிட்டு அடங்கியது.

"நாலு" என்றார் ஆய்வாளர்.

"அதெப்படி மேடம்? அஞ்சு இருந்துச்சே, நான் பாத்தேனே!"

"நீங்க பாத்தப்ப இருந்துச்சு. நான் எண்ணும்போது இல்ல. உசுரோட இருக்கிற புழுவைத்தான் எண்ணச் சொல்லியிருக்கு. அஞ்சும் நாலும் ஒன்பது." எழுதினார். பிறகு இன்னும் குனிந்து பார்த்தார். "அண்ணே, இது என்ன பூச்சி? எங்கிருந்து பிடிச்சீங்க?"

"சின்னக் குளத்துலேருந்து மேடம்."

"எனக்கு ரெண்டு வாளி வேணும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தொட்டி என் உயிரை வாங்குது."

குளம் பிழைத்தது. அதற்கு மறு மாதம் மோட்டாரும் வந்தது, அதற்காகவே காத்திருந்ததுபோல். பவுடர் மூட்டைகளும் வந்தன. அவர் பூச்சிகளுக்காகக் கண்ணீர் விட்டார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தும்பி வளரும் குளத்தில் பிள்ளைகள் நீந்தக் கற்றுக்கொள்ள முடியாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு நாள் வலை போட்டு, அகப்பட்டதையெல்லாம் சின்னக் குளத்துக்கு மாற்றினார். அகப்படாதது அகப்படவில்லை. மூன்றாம் நாள் கை நிறையப் பவுடரை வீசினார். கண்ணாடிக் குழாயில் மஞ்சள் வந்தது. நிம்மதியாகத்தான் இருந்தது. பதிவேட்டில் பெரிய குளத்துக்கு நேரே பழையபடி 'ஒன்றுமில்லை' என்று எழுதினார். சின்னக் குளத்துக்கு நேரே எழுத இடம் போதாமல் அட்டையின் உள்பக்கத்துக்குப் போனார்.

திறப்பு நாளன்று மூன்றாம் மாடிக்காரர் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சின்னக் குளம் எப்ப திறப்பீங்க?"

"கொஞ்ச நாள் ஆகும் சார். மோட்டார் கோளாறு."

அவர் சின்னக் குளத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

"யோவ், அதுக்கு மோட்டாரே கிடையாதே?"

"அதான் சார் கோளாறு" என்றார் குளோரின்.

அதற்குள் பேத்தி தொட்டி விளிம்பில் குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள் விரலை விட்டிருந்தாள். "அய்யோ, கடிக்குது!" என்று கத்தினாள். கத்திவிட்டு விரலை மறுபடியும் உள்ளே விட்டாள்.