அக்கா இல்லாமல் திறக்காத கிரகம்

எனக்கு முப்பத்தொரு வயது. வேற்றுக் கிரகத்தில் தொழிற்சாலை கட்டி ராக்கெட் விடுகிற கம்ப்யூட்டர் கேம் ஒன்றை ஆடுகிறேன். யாராவது கேட்டால் நான் வெட்கப்பட்டு லேப்டாப்பை மூட வேண்டும் என்று எங்கள் சொந்தக்காரர்கள் எதிர்பார்க்கிறார்கள். மூட மாட்டேன். அந்த கேமில் எது நன்றாக இருக்கிறது, எது மட்டம் என்று சொல்கிறேன். அதனால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்றும் சொல்கிறேன். என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கதைதான்.

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற வழியில். அப்பா மார்க்கெட்டில் மல்லாட்டை மூட்டை தூக்குகிறார், வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அதுதான். அம்மா நடவு, களையெடுப்பு என்று கூப்பிட்ட கழனிக்குப் போவாள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்படியும் அக்காவையும் என்னையும் டிகிரி வரை படிக்க வைத்தார்கள். நான் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நெட் சென்டரில் இருக்கிறேன். அக்காவுக்கு விழுப்புரத்தில் ஒரு ஆடிட்டரிடம் வேலை கிடைத்தது. காலையில் ரயில், சாயங்காலம் ரயில். அந்த ரயிலில்தான் மாமாவைப் பார்த்தாள். மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பத்துக்காரர், விழுப்புரத்தில் மீன் மொத்தக் கடையில் வேலை. இரண்டு பேரும் வீட்டில் சொல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு விழுப்புரத்திலேயே வாடகைக்கு வீடு எடுத்துவிட்டார்கள்.

அப்பா கத்தவில்லை. மறுநாள் நான் வேலை செய்கிற நெட் சென்டருக்கே வந்து, கஸ்டமர் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்து, ரேஷன் கார்டை எடுத்து நீட்டினார்.

"அவ பேரை எடு."

"சர்வர் டவுன்பா" என்றேன்.

அடுத்த வாரமும் வந்தார். அடுத்த வாரமும் சர்வர் டவுன். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். அக்காவே புது கார்டுக்காகப் பெயரை எடுத்துக்கொண்டது வேறு விஷயம். என் கையால் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அம்மாதான் என்னைச் சரியாகப் பிடித்தாள். என் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்து, "அவகிட்ட போன்ல பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றாள். அழுதுகொண்டிருந்தாள். பண்ணிவிட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தேன். அப்பா கோபத்துக்கு நான் பயப்பட்டதில்லை. அம்மா அழுதால்தான் எனக்குக் கை கால் ஓடாது.

வீட்டில் டைப்பிங் வேலை செய்ய ஒரு பழைய லேப்டாப் வாங்கி வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மெயிலுக்கு யாரோ ஒரு கேமைப் பரிசாக அனுப்பியிருந்தார்கள். ஏதோ ஏமாற்று வேலை என்று அழிக்கப் போனேன். அனுப்பியவர் பெயர் இருந்த இடத்தில் 'கேப்பைக்கூழ்' என்று இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது.

சின்ன வயதில் எனக்குக் கேப்பைக்கூழைப் பார்த்தாலே குமட்டும். அம்மாவுக்குத் தெரியாமல் என் பங்கையும் அக்காதான் குடிப்பாள். இது உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. கதவைச் சாத்திவிட்டு கேமைத் திறந்தேன்.

ஊதா நிறத்தில் ஒரு கிரகம். வானத்தில் மூன்று சூரியன். ஏதோ ஒரு கம்பெனி நம்மை அங்கே இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. தலையைவிடப் பெரிய ஹெல்மெட் போட்டுக்கொண்டு, கல்லை வெட்டி, இரும்பை உருக்கி, பொருள் கொண்டுபோகிற பெல்ட் அமைத்து, மெஷினுக்கு மெஷின் இணைத்து, கடைசியில் ராக்கெட் விட வேண்டும். நான் போய் நின்றபோது தூரத்தில் இன்னொரு ஹெல்மெட் நின்றுகொண்டிருந்தது. அது ஓடி வந்து என் எதிரில் குதித்தது. அந்த கேமில் கட்டிப்பிடிக்க வழியில்லை, கையாட்ட வழியில்லை. குதிக்கத்தான் முடியும். நானும் குதித்தேன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் குதித்துக்கொண்டே இருந்தோம்.

பேசுவதற்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதில் 'அக்கா' என்று தமிழில் அடித்தேன். வெறும் கட்டம் கட்டமாக விழுந்தது. அந்த கேமுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதன் முதல் குறை இதுதான், இன்று வரை அவர்கள் சரி செய்யவில்லை. அக்கா இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள்: "சாப்ட்டியாடி?"

அதற்குப் பிறகு ஞாயிறு மதியமும், அவளுக்கும் எனக்கும் வேலை சீக்கிரம் முடிகிற சாயங்காலங்களிலும் அந்தக் கிரகத்தில்தான் இருந்தோம்.

அந்த கேமில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் வேலையாட்கள். முட்டை வடிவத்தில், ஒற்றைக் கண்ணோடு சின்னச் சின்ன ரோபோக்கள். சூரியன் மறைகிற நேரம் வந்தால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு வரிசையாக நின்று வேடிக்கை பார்க்கும். மூன்று சூரியன் என்பதால் ஒரு நாளைக்கு மூன்று தடவை ஃபேக்டரி நின்றுபோகும். அக்காவுக்குப் பேஜாராகிவிடும். அவள் எதையும் ஜல்தியாக முடிக்கிற ஆள். வானம் தெரியாமல் ஒரு கூரை போட்டாள். ரோபோக்கள் உம்மென்று ஆகி வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டன. "ரோஷம் பாருடி இதுங்களுக்கு" என்று அடித்தாள். கூரையைப் பிரித்துவிட்டோம்.

பிரிப்பதில்தான் இன்னொரு நல்லது இருக்கிறது. கட்டினதை எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம், போட்ட பொருள் அத்தனையும் கைக்குத் திரும்பி வந்துவிடும். தப்பு செய்தாய் என்று யாரும் தண்டிப்பதில்லை. எதிரி கிடையாது, துப்பாக்கி கிடையாது. இப்படி ஒரு இடத்தில் நான் அதற்கு முன்னால் இருந்ததே இல்லை.

குறைகள் நிறைய. எழுத்து எறும்பு மாதிரி பொடியாக இருக்கும். எண்ணெய்க் குழாய் ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்று செய்தவர்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். ஃபேக்டரி பெரிதானால் கேம் திக்கித் திணறும், என் லேப்டாப் தோசைக்கல்லாகும். அடுத்த கிரகம் என்று ஆசை காட்டுவார்கள். போய்ப் பார்த்தால் அதே கிரகத்துக்குச் சிவப்புச் சாயம் அடித்து வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, கிரகம் அக்காவின் கம்ப்யூட்டரில் இருந்ததுதான். அவள் உள்ளே வந்தால்தான் எனக்கும் திறக்கும். அவள் இல்லையென்றால் 'உங்கள் உலகம் கிடைக்கவில்லை' என்று இங்கிலீஷில் ஒரு வரி வரும். வேறொன்றும் வராது.

ஒரு நாள் அப்பா என் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இன்னா அது?"

"ஃபேக்டரிப்பா."

"எங்க கீது?"

"வேற கிரகத்துல."

"கூலி எவ்ளோ?"

"கூலில்லாம் இல்ல."

"அப்புறம் எதுக்கு மாங்கு மாங்குன்னு பண்ணிக்கினு கீற?" என்றார். திரையில் அக்கா பெல்ட்டை இழுத்துக்கொண்டு குறுக்கே ஓடினாள். "அது யாரு?" என்று கேட்டார். "கூட வேலை செய்றவங்க" என்றேன். கொஞ்ச நேரம் நின்று அவளைப் பார்த்துவிட்டுப் போனார்.

போன வருஷம் மழைக்காலத்தில் கிரகம் திறக்கவில்லை. முதலில் கரண்டு இல்லையோ என்று நினைத்தேன். பிறகு ஆபீசில் வேலை அதிகமோ என்று. அடுத்த ஞாயிறும் திறக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் 'உங்கள் உலகம் கிடைக்கவில்லை' என்றே வந்தது. சத்தியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப். மாமா நம்பர் என்னிடம் இல்லை. திங்கட்கிழமை காலையில் நெட் சென்டருக்குப் போகாமல் விழுப்புரம் பஸ் ஏறினேன்.

தெருப் பெயர் மட்டும் தெரியும், ஒரு தடவை சொல்லியிருந்தாள். மீன் கடைக்காரர் வீடு என்று விசாரித்துப் போய் நின்றேன். கதவைத் திறந்த மாமாவை நான் அதற்கு முன்னால் நேரில் பார்த்ததில்லை. தாடி வளர்ந்து, கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு இருந்தார்.

"தங்கச்சியா?" என்றார். "உள்ள வாம்மா. உங்க அக்கா உன்னைத்தான் கேட்டுக்கினே கீறா."

டெங்கு. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து முந்தின நாள்தான் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார். காய்ச்சலில் தள்ளாடி விழுந்தபோது அவள் போன் உடைந்துவிட்டது. அக்கா பாயில் கிடந்தாள். பாதியாகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்து, முடியாமல் சிரித்தாள்.

"ஃபேக்டரி நின்னு போச்சாடி?"

"போவட்டும்" என்றேன். அவள் பக்கத்தில் படுத்து அவளைக் கட்டிக்கொண்டேன். அத்தனை மாதமாகத் திரையில் குதிப்பதை மட்டுமே நான் பார்த்தவள்.

மாமா அத்தனை நாளும் வேலைக்குப் போகாமல் சமைத்து, துவைத்து, அவளைத் தூக்கி உட்கார வைத்துக் கொண்டிருந்திருக்கிறார். இன்னும் ஒரு வாரமாவது ஆள் வேண்டும் என்று தெரிந்தது. வாசலுக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, நான் அக்கா வூட்ல கீறேன்."

பின்னால் மார்க்கெட் சத்தம் கேட்டது.

"எந்த அக்கா?"

"எனக்குக் கீறது ஒரே அக்கா. டெங்கு வந்து எழுந்திரிக்க முடியாம கெடக்குறா. நான் இருந்து பாத்துட்டுதான் வருவேன்."

"அங்கியே இருந்துக்கோ. இங்க வராத."

"வருவேன். அது என் வூடும்தான். கதவைச் சாத்துனீங்கன்னா வாசல்ல உக்காந்துக்கினு இருப்பேன், ஊரே பாக்கட்டும்."

அவர் வைத்துவிட்டார். சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மதியம் அம்மா வந்தாள். பையில் கோழியும் மிளகும். விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அக்கா ஓடிப்போன வாரமே அம்மா விசாரித்து வைத்திருக்கிறாள். உள்ளே வந்ததும் என்னிடம்தான் பாய்ந்தாள்.

"போன்ல பேச மாட்டேன்னு என் தலைல அடிச்சி சத்தியம் பண்ணியேடி!"

"பேசலயேம்மா. டைப்தான் பண்ணேன்."

அடிக்கக் கை ஓங்கினாள். அந்தக் கை பாதியில் திரும்பி அக்காவின் நெற்றிக்குப் போனது. மாமா சமையலறைப் பக்கம் போய் நின்றுகொண்டார். அம்மா அவரைப் பார்க்காமல், "அந்தக் கோழியைக் கொஞ்சம் கழுவிக் குடுங்க தம்பி" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய சம்மதம். அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அக்கா எழுந்து உட்கார்ந்ததும் அம்மாவுக்குக் கிரகத்தைக் காட்டினோம். நாங்கள் இரண்டு பேரும் மாதக்கணக்கில் கட்டினது. உலைகள், பெல்ட்டுகள், மேலே போகிற ரயில். ஒரு சூரியன் மறைந்தது. ரோபோக்கள் வரிசையாக நின்றன. அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"இவ்ளோ எடம் சும்மா கெடக்குதே. ஒரு மரம் நட முடியாதா? ஒரு கீரை விதைக்க முடியாதா?"

"முடியாதும்மா. இதுல ஃபேக்டரி மட்டும்தான்."

"இன்னா கேமு இது" என்று எழுந்துவிட்டாள். நான் எழுதின குறைகளில் இது மட்டும் என்னுடையது அல்ல. ஆனால் அவள் சொன்னது சரி. எத்தனை மணி நேரம் ஆடினாலும் அந்தக் கிரகத்தில் நம்மால் எதையும் முளைக்க வைக்க முடியாது.

ஊருக்குத் திரும்பியபோது கதவு சாத்தியிருக்கவில்லை. அப்பா என்னோடு பேசவும் இல்லை. தையில் அத்தை மகன் கல்யாணம் வந்தது, திண்டிவனத்தில் மண்டபம். அப்பாவின் தங்கை வீட்டுக் கல்யாணம். அக்காவுக்குப் பத்திரிகை போகவில்லை. கல்யாணத்தன்று காலையில் அப்பா சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அக்காவும் மாமாவும் வர்றாங்க. நான்தான் கூப்ட்டேன்."

"எவ வூட்டுக் கல்யாணத்துக்கு எவ கூப்புடுறது?"

"எங்க அத்தை வூட்டுக் கல்யாணம். எனக்கு அத்தைன்னா அவளுக்கும் அத்தைதான்."

அவர் பட்டனைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மண்டபத்து வாசலில் அக்கா தயங்கினாள். நான் அவள் கையைப் பிடித்து நடுவழியாகக் கூட்டிப் போனேன். மாமா வெள்ளை வேட்டியில் பின்னால் வந்தார். நாற்காலி வரிசைகளில் பேச்சு அடங்கிப்போனது. அத்தை வந்தாள். அக்காவை மேலும் கீழும் பார்த்தாள், திட்டவும் வாய் வரவில்லை, வாங்க என்று சொல்லவும் வரவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடி, ரெண்டு பேரும் கம்ப்யூட்டர்ல பொம்மை வச்சி ஆடிக்கினு கீறீங்களாமே? கல்யாணம் பண்ற வயசுல."

"ஆமாத்தை" என்றேன், நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி. "போன வாரம் ராக்கெட் விட்டோம்."

"எங்க விட்டீங்க?" என்றாள் அத்தை, நிஜமாகவே. மாமா வாயைப் பொத்திக்கொண்டார்.

பந்தியில் உட்காரப் போனபோது எதிர் வரிசையில் அப்பா. இலையில் அப்போதுதான் சோறு விழுந்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்தோம். வேறு இடமும் இருந்தது. நான் வேண்டுமென்றேதான் அங்கே உட்கார வைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். இவர் எழுந்து போனால் பின்னாலேயே போய் எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவது என்று நான் தயாராக இருந்தேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. சாம்பார் வாளியோடு வந்தவரை நிறுத்தி, போதும் என்கிற வரை வாங்கிக்கொண்டார். சாப்பிட ஆரம்பித்தார். நான் அக்காவின் இலையில் தண்ணீர் தெளித்தேன். நாங்களும் சாப்பிட்டோம்.