அப்பா நரியைத் திறக்காத நாள்

எந்த பிரவுசர் நல்லது என்று ஆபீஸில் யாராவது பேச்சை எடுத்தால் நான் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் மாடி அறையில், ஒரு மே மாதக் காலையில் போய் நிற்கும்.

அந்த ஒற்றை அறைக்குள் எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்டதை அப்பா வாங்கி வந்திருந்தார். ரெடிமேட் துணி தைக்கும் கார்கானாவில் அவர் மேஸ்திரி. பதினோரு மணிக்குப் போனால் போதும். அதற்கு முன்னால் சந்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் ஊருக்குத் தட்கல் டிக்கெட் எடுத்துக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார், பேர் வாங்குவார். வண்டி கிளம்புவதற்கு முந்தின நாள் காலை பத்து மணிக்குத் தட்கல் திறக்கும். அசந்தால் வெயிட்டிங் லிஸ்ட்தான். ஆனால் மவுஸ் அப்பாவின் கையில் இருந்தால் டிக்கெட் உறுதி என்று எங்கள் சந்தே நம்பியது.

எல்லாம் நரியின் கைங்கரியம் என்பார் அப்பா. பிரவுசரைத் திறக்கத் திரையில் இரண்டு படங்கள் இருக்கும். ஒன்று கம்ப்யூட்டரோடு வந்த நீல எழுத்து. மற்றது அப்பாவே இறக்கி வைத்தது, உருண்டையைச் சுற்றி வாலைப் போட்டுப் படுத்திருக்கும் நரி. நீலத்தை அவர் தொடவே மாட்டார். டிக்கெட்டுக்கு வந்தவர்களிடம் நரியின் அருமை பெருமைகளைச் சொல்லாமல் அனுப்பவும் மாட்டார். பேரையும் வயசையும் ஒரு தடவை அடித்தால் அது ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். ஒரு பக்கம் உறைந்து நின்றால் பக்கத்திலேயே இன்னொன்றைத் திறந்துகொள்ளலாமாம். நீலமோ சரியாகப் பத்து மணிக்குக் கொட்டாவி விடுமாம். எதிர் அறை மாமா மட்டும், புதிதாக வந்த வட்டப் படம்தான் வேகம் என்று மல்லுக்கு நிற்பார். "உங்க வட்டத்தை நம்ம கம்ப்யூட்டர் தாங்காது அண்ணாச்சி, மூச்சு வாங்கும்" என்று அப்பா அவர் வாயை அடைத்துவிடுவார்.

அப்பா வெளியில் சொல்லாத கூட்டாளி அம்மா. வளைந்து நெளிந்த எழுத்துகளைக் காட்டி, அதைப் பார்த்து அடி என்று ரயில் சைட் கேட்கும். அந்தக் கோணல் எழுத்து அப்பாவின் கண்ணுக்குப் பிடிபடாது. நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு அம்மா ஒரே மூச்சில் வாசித்துவிடுவாள். அவள் வாசிக்க இவர் அடிக்க, டிக்கெட் வந்து விழும்.

அந்த மே மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த சந்தில் இருந்த அத்தை, ஒரு வளைகாப்பு வீட்டில் எல்லார் முன்னாலும் அம்மாவை ஏதோ சொல்லிவிட்டாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை அம்மா என்னிடம் சொன்னதில்லை. அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தங்கையைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாயசத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்செல்லாம் என் வழியாகத்தான் போய்வந்தது. "சோறு வச்சாச்சுன்னு உங்கப்பாட்ட சொல்லுட்டீ" என்பாள் அம்மா, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கிறவரைப் பற்றி. "போதும்னு சொல்லு" என்பார் அவர். எனக்கு நாக்கு வறண்டு போகும்.

ஒரு சாயங்காலம் அம்மா ஊரிலிருந்த மாமாவுக்குப் போன் போட்டாள். "நானும் பிள்ளையும் வாரோம்ண்ணே. இனிமே அங்கதான். இவளை அங்கயே ஸ்கூல்ல சேத்துருவோம்." அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அம்மா போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நாளான்னைக்கு வண்டிக்கு எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் போடச் சொல்லு."

"சரின்னு சொல்லு" என்றார் அப்பா.

மறுநாள் காலையில் அம்மா பெட்டி கட்டினாள். பாவாடை சட்டைகளுக்கு மேல் என் ரெயின்கோட்டை மடித்து வைத்தாள். வருஷா வருஷம் லீவுக்கு ஊருக்குப் போனாலும் மழை தொடங்குவதற்குள் திரும்பிவிடுவோம். ரெயின்கோட் ஊரைப் பார்த்ததே இல்லை. அதைப் பெட்டிக்குள் பார்த்ததும், மழைக்கும் நாங்கள் திரும்பப் போவதில்லை என்று எனக்குப் புரிந்தது. டிக்கெட் கிடைக்க வேண்டுமா, கிடைக்கக் கூடாதா என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனால் அப்பா தோற்கக் கூடாது, அது மட்டும் தெரிந்தது. சந்து முழுக்க டிக்கெட் எடுத்துக் கொடுத்த மனிதர் சொந்தப் பெண்டாட்டிக்கு எடுக்க முடியாமல் நின்றால் நான் எந்த முகத்தோடு கீழே இறங்கி விளையாடுவது?

பத்து மணி நெருங்கியது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா வழக்கம்போல் பின்னால் வந்து நின்றாள், ஆனால் கையை நாற்காலியின் மேல் வைக்கவில்லை. நான் கட்டிலில் ஏறி நின்று சுவர்க் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்பா மவுஸை நகர்த்தினார். அம்பு நரியின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு மெதுவாக நகர்ந்து நீல எழுத்தைத் திறந்தது.

"அப்பா! அது இல்லப்பா. நரி, நரி!"

"நீ காலைலேருந்து அதுல கேம் ஆடிட்டு இருந்தல்லா. நரி களைச்சுப் போய்க் கெடக்கு" என்றார் அவர், திரும்பாமலே.

நான் விளையாடியது உண்மைதான். அப்போதெல்லாம் நரி நன்றாகத்தான் ஓடியது. நான் அம்மாவைப் பார்த்தேன். எத்தனையோ காலைகளில் அதே இடத்தில் நின்றவள், எது நரி எது நீலம் என்று தெரியாதவள் இல்லை. அவள் திரையைப் பார்த்தாள். அப்பாவின் பின்னந்தலையைப் பார்த்தாள்.

முள் பத்தைத் தொட்டது. நீலம் கொட்டாவி விட்டது. வெள்ளைத் திரை, மூலையில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வளையம். எதிர் அறை மாமாவின் வீட்டில் குக்கர் விசிலடித்தது. ஒருவழியாகக் கோணல் எழுத்துகள் வந்தன. அம்மா குனிந்து வாசிக்கத் தொடங்கினாள், ஒவ்வொன்றாக, பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல. பாதியில் நின்றாள்.

"சரியாத் தெரியல. மாத்துங்க."

கட்டிலின் மேல் நின்ற எனக்கே எல்லா எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. "நான் சொல்லட்டாம்மா?" என்று வாயெடுத்தேன். அம்மாவின் கை பின்பக்கமாக நீண்டு என் காலை அழுத்திப் பிடித்தது. "நீ சும்மா கெட" என்றாள். பாயசத்துக்குப் பிறகு அப்பாவிடம் அவள் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அந்த "மாத்துங்க"தான். நான் அதைக் கவனிக்கவே இல்லை. என் கண் முழுக்க முள்ளின் மேல் இருந்தது.

அப்பா மாற்றினார். வளையம் மறுபடி சுற்றியது. சுற்றி முடித்துப் பக்கம் திறந்தபோது நாகர்கோவில் வண்டியில் ஒரு பெர்த்தும் மிச்சமில்லை.

"வெயிட்டிங் லிஸ்ட்தான் காட்டுது" என்றார் அப்பா. குரல் என்னவோபோல் இருந்தது. "போடவா?"

"வேண்டாம்" என்றாள் அம்மா. அடுப்புப் பக்கம் போய் அரிசியைக் களைய ஆரம்பித்தாள். சண்டைக்குப் பிறகு போட்டுவந்த இரண்டு ஆழாக்குக்குப் பதில், பழையபடி மூன்று ஆழாக்கு.

அன்று அப்பா கார்கானாவுக்குப் போகவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே அத்தை வீட்டுக்குப் போனார். திரும்பியபோது அத்தையும் கூடவே வந்தாள், முகம் சிவந்து போய். என்னைக் கீழே போய் விளையாடச் சொல்லிவிட்டார்கள். யார் முகத்தில் விழிப்பது என்று நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை எதிர் அறை மாமா தன் மகளுக்கு டிக்கெட் கேட்டு வந்தார். அப்பா நரியைத் திறந்தார். அம்மா நாற்காலியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு ஒரே மூச்சில் வாசித்தாள். காப்பி ஆறுவதற்குள் டிக்கெட் உறுதியாகிவிட்டது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதே நேத்து ஓடியிருந்தா நாங்களும் போயிருப்போம்லா!"

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா அவசரமாக மவுஸைத் துடைக்கத் தொடங்கினார். "பல்லு தேச்சியாட்டீ?" என்று கேட்டாள் அம்மா.

யோசித்துப் பார்த்ததில் தப்பு என்னுடையதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஓட வேண்டிய நேரத்தில் நரியைக் களைக்க வைத்தது என் கேம்தான். அந்த லீவு முடியும்வரை நான் நரியைத் தொடவே இல்லை. கொட்டாவி விடும் நீலத்திலேயே பல்லைக் கடித்துக்கொண்டு விளையாடினேன், அம்மா அடுத்த தடவை டிக்கெட் கேட்கும்போது நரி தெம்பாக இருக்க வேண்டுமே என்று. ரெயின்கோட் திரும்பவும் ஆணிக்கு வந்தது. மழையும் வந்தது. அம்மா கேட்கவே இல்லை.