மூன்றாவது குவியல்

கூட்டுறவுக் கடைக்கு முட்டை வாங்கப் போன ஐலா, முட்டை வாங்காமலே திரும்பி வந்தாள்.

கடை வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையில், பூனைக்குட்டிகள் இலவசம் என்ற சீட்டுக்கும் பழைய டிராக்டர் விற்பனை என்ற சீட்டுக்கும் நடுவே ஓர் அட்டை குத்தியிருந்தது. 'தேவதாரு மரத் தோணி விற்பனைக்கு. நல்ல நிலையில் உள்ளது. உரிமையாளருக்கு இனித் தேவைப்படாது.' கீழே இருந்தது அவள் வீட்டுத் தொலைபேசி எண். கையெழுத்து அவள் புருஷன் யோஸ்கோவுடையது.

இனித் தேவைப்படாது. அந்த இரண்டு வார்த்தைகளை ஐலா மூன்று முறை படித்தாள். பிறகு ஊசியைப் பிடுங்கி, அட்டையை உருவி, மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினாள்.

மின்னசோட்டாவின் வடக்கோரத்தில், ஏரிகளைத் தவிர வேறு எதுவும் அதிகம் இல்லாத அந்தச் சின்ன ஊரில், ஐலா ரௌட்டியோவைத் தெரியாதவர் கிடையாது. தோணிப் பயணம் போகிறவர்களுக்குத் தோணி, கூடாரம், சாப்பாட்டு மூட்டை எல்லாம் வாடகைக்குக் கட்டித் தரும் கடையில் அவள் முப்பது வருஷமாக மூட்டை கட்டுகிறாள். கடையின் பின்கட்டில் உத்தரத்திலிருந்து ஒரு சுருள்வில் தராசு தொங்கும். வருகிறவர் யாராக இருந்தாலும், நகரத்து டாக்டரோ தேவாலயப் பாதிரியோ, மூட்டையை அந்தக் கொக்கியில் மாட்டிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

"ஆறு ஜோடி காலுறை எதுக்குங்க? உங்களுக்கு எத்தனை கால்?" என்று கேட்பாள். டாக்டர் நாலு ஜோடியை எடுத்து வெளியே வைப்பார்.

திரும்பி வருகிறவர்களுக்கும் அவளிடம் ஒரு சடங்கு உண்டு. மூட்டையை அப்படியே தரைவிரிப்பில் கொட்ட வேண்டும். தினமும் பயன்பட்டவை ஒரு குவியல், ஒரு தரம் இரண்டு தரம் பயன்பட்டவை இன்னொரு குவியல், தொடவே தொடாதவை மூன்றாவது குவியல். மூன்றாவது குவியலில் விழுந்த சாமான் அடுத்த வருஷம் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. மருந்துப் பெட்டிக்கும் மழைச் சட்டைக்கும் மட்டும்தான் விலக்கு.

இப்படிப்பட்ட ஐலா, பத்தொன்பது வயதில் முதல் முதலாகத் தோணியேறிப் போனபோது என்ன கொண்டுபோனாள் தெரியுமா? கண்ணாடி ஜாடியில் போட்ட வெள்ளரிக்காய் ஊறுகாய், ஆறு ஜாடி. அத்தோடு ஒரு கம்பளி மெத்தை விரிப்பு. ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரி வரும்வரை தோணியையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு நடக்கிற பாதை அது. பாதி வழியில் முட்டி மடங்கி, கொசுக் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து, ஓவென்று அழுதாள். கூட வந்த தோழிகள் முன்னால் போய்விட்டார்கள்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து தோளில் தோணியைக் கவிழ்த்துக்கொண்டு ஒருத்தன் வந்தான். முதுகுப் பையில் ஒரு இரும்புச் சட்டி 'டங் டங்' என்று ஆடிக்கொண்டிருந்தது. தோணியை இறக்கி வைத்தான். "என்ன கனம் அவ்வளவு?" என்றான். அவள் ஜாடிகளைக் காட்டினாள். அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஜாடியைத் திறந்து, வெள்ளரிக்காய் முழுவதையும் தின்று, தண்ணீரைக் கீழே ஊற்றி, காலி ஜாடியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். இரண்டாவது ஜாடியைத் திறக்கும்போது அவள் சிரித்துவிட்டாள். அவன்தான் யோஸ்கோ. அந்தப் பக்கத்து இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஸ்லோவேனியக் குடும்பத்துப் பிள்ளை.

கல்யாணமாகி இருபத்தொன்பது ஆகஸ்ட் மாதங்களும், நூற்றெண்பது தோணி நீளம் நடந்தால் வருகிற ஒரு தீவு ஏரிக்கு இருவரும் போய் வந்தார்கள். அங்கே நடைப்பாதைத் தூரத்தைத் தோணி நீளத்தில்தான் சொல்வது வழக்கம். எழுபத்தெட்டு பவுண்டு தோணி அவன் தோளில், மூட்டை அவள் முதுகில். ஒரே நடை. திரும்பி வந்து மிச்சத்தை எடுக்கிற பேச்சே கிடையாது. "ஒரே நடைக்காரி" என்று ஊர் அவளைச் சொல்லும்போது ஐலாவின் கழுத்து அரை அங்குலம் நீளும்.

அவளுக்கு உறுத்தலாக இருந்தது அந்த இரும்புச் சட்டி ஒன்றுதான். ஐந்து பவுண்டு. அரை பவுண்டு அலுமினியச் சட்டி இருக்கும்போது! ஆனால் ஒவ்வொரு வருஷமும் அவன் அதைத் தூக்கி வந்து, தீவில் விடிந்த முதல் காலையில் புளூபெர்ரி போட்டு அப்பம் சுட்டுக் கொடுப்பான். அவள் முணுமுணுத்துக்கொண்டே நாலு அப்பம் சாப்பிடுவாள்.

இந்த ஏப்ரலில் யோஸ்கோவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை நடந்தது. நடக்கலாம், துடுப்புப் போடலாம் என்றார் டாக்டர். பதினைந்து பவுண்டுக்கு மேல் தூக்கக் கூடாது. கட்டாந்தரையில் படுக்கக் கூடாது. படுத்தால் எழுந்திருப்பது கஷ்டம். யோஸ்கோ எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஜூலையில் ஒன்றும் சொல்லாமல் அந்த அட்டையை எழுதிக் குத்திவிட்டான்.

ஐலா அட்டையைச் சமையலறை மேசையில் வைத்தாள். "இது என்ன கூத்து?"

"தோணி கொட்டகையில சும்மா கிடக்குது. யாராவது ஓட்டட்டும்."

"ஆகஸ்ட்ல நாம எதுல போறது?"

"நீ போ. தோழிகளைக் கூட்டிக்கிட்டுப் போ." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "உன் கணக்குத்தானே ஐலா? தூக்க முடியாதவன், தரையில படுக்க முடியாதவன்… என்னை மூணாவது குவியல்ல போட்டுடு."

முப்பது வருஷமாக ஊர்ச் சாமான்களை மூன்றாகப் பிரித்த ஐலாவின் கை, அந்த நிமிஷம் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டது. ஆனால் அவள் அழுகிற சாதி இல்லை. அட்டையை மறுபடி சட்டைப் பையில் செருகினாள்.

"மூட்டை கட்டுறது யாரு? நானா நீயா? எது எந்தக் குவியல்னு நான் சொல்றேன். நீ வாயை மூடு கிழவா."

மறுநாள் கடைப் பின்கட்டில் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தாள். முதலாளி டார்லா காபிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"டார்லா, அந்த மஞ்சள் கெவ்லார் இழைத் தோணி ஒண்ணை ஆகஸ்ட் கடைசி வாரம் எனக்கு ஒதுக்கி வை. நாற்பத்திரண்டு பவுண்டுதானே?"

"யோஸ்கோ அதுல ஏறுவாரா? பிளாஸ்டிக் வாளின்னு சொல்லுவாரே!"

"ஏறுவாரு. அவரோட தோணியைவிட முப்பத்தாறு பவுண்டு குறைச்சல். அந்த முப்பத்தாறுல நான் அவருக்கு ஒரு மடக்குக் கட்டில் வாங்கப்போறேன், ஐஞ்சு பவுண்டு. சாய்வு நாற்காலி, ரெண்டு பவுண்டு. தலகாணி, ஒண்ணு."

டார்லா கோப்பையைக் கீழே வைத்தாள். "நீங்களா? கட்டிலா? போன வாரம் ஒரு ஆளைத் தலகாணி எடுத்துட்டுப் போறார்னு அழ வச்சீங்களே!"

"அவன் முதுகு நல்லாயிருந்துச்சு."

"தோணியையும் நீங்களே தூக்கணும். அப்போ ரெண்டு நடை ஆகுமே ஐலா! ஊர் சிரிக்குமே!"

"ஊரை வந்து ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லு," என்றாள் ஐலா.

கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டிலேயே தராசு தொங்கவிட்டாள். இரும்புச் சட்டியை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள். அலுமினியச் சட்டியைத் தன் மூட்டையில் போட்டாள். தன் கட்டிலையாவது தானே தூக்குவேன் என்று யோஸ்கோ அடம்பிடித்தான். சரி என்றாள். மறுநாள் காலை அவன் பையைக் கொக்கியில் மாட்டினாள். முள் பதினைந்தில் நின்றது. கட்டில், துணி, மதியச் சாப்பாடு, எல்லாம் சேர்த்துக் கணக்கு சரி. முள் சரியாக நின்றால் ஐலா பையைத் திறந்து பார்ப்பதில்லை.

இரண்டு ஏரிகளைத் துடுப்புப் போட்டுக் கடந்தார்கள். யோஸ்கோ மஞ்சள் தோணியை வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான். குரலில் பழைய தெம்பு இருந்தது. நூற்றெண்பது தோணி நீளப் பாதையின் வாயில் அவள் நாற்காலியை விரித்து அவனை உட்கார வைத்தாள்.

"நான் தோணியை அந்தப் பக்கம் வச்சுட்டுப் பெரிய மூட்டைக்குத் திரும்பி வருவேன். அதுவரைக்கும் இதை விட்டு எழுந்திருக்காதே. அப்புறம் சேர்ந்து போவோம்."

"சரிங்க எஜமானி."

தோணி அவள் தோளில் ஏறியது. ஐம்பத்தேழு வயதுத் தோள். பாறையும் வேருமாகக் கிடந்த பாதையில் அவள் நின்று மூச்சு வாங்கியது இரண்டே இடத்தில். அடுத்த ஏரிக் கரையில் தோணியை இறக்கி வைத்தபோது அவளுக்கே ஒரு கர்வம் வந்தது.

திரும்பி வரும் வழியில், பாதி தூரத்தில், ஒரு தாழ்ந்த மரக்கட்டையில் யோஸ்கோ உட்கார்ந்திருந்தான். முதுகில் அவன் பை. ஒரு கையில் மடக்கிய நாற்காலி. முகம் சாம்பல் பூத்திருந்தது.

"யோஸ்கோ!" ஐலா ஓடினாள். வேர் தடுக்கி விழப் பார்த்துச் சமாளித்து ஓடினாள். "என்ன ஆச்சு? இடுப்பா? கழண்டுடுச்சா?"

"இடுப்பு நல்லாத்தான் இருக்கு. கட்டை தாழ்வா இருக்கு. எழுந்திருக்க முடியல."

"உன்னை யாரு வரச் சொன்னா?"

"நீ தோணியைத் தூக்கிட்டுப் போறதை நாற்காலியில சாஞ்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கணுமா? அதுக்குப் பேரு புருஷனா?"

அவள் அவன் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். கையில் என்னவோ கெட்டியாக இடித்தது. கட்டிலின் குழாய் இல்லை. வாயை அவிழ்த்தாள். துணிகளுக்கு நடுவே, கறுப்பாக, வழவழவென்று, இரும்புச் சட்டி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கட்டில் எங்கே?"

யோஸ்கோ நாற்காலியை அடுத்த கைக்கு மாற்றினான்.

"யோஸ்கோ. கட்டில் எங்கே?"

"கொட்டகையில. பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால." அவன் சட்டியைப் பார்த்தான். "அதுவும் அஞ்சு, இதுவும் அஞ்சு. முள்ளு நகராதுன்னு தெரியும். நீ தோணியைத் தூக்குற, மூட்டையைத் தூக்குற, கூடாரம் அடிப்பே. நான் உனக்குச் செய்யிறது அந்த அப்பம் ஒண்ணுதான் ஐலா. அதையும் விட்டுட்டு வந்தா நான் ஆளு இல்ல, உன் முதுகுல ஒரு சாமான்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "திரும்பிடலாம். தரையில படுத்தா காலையில என்னைத் தூக்க நாலு பேர் வேணும். நான்தான் சொன்னேனே, மூணாவது குவியல்."

ஐலா அந்தப் பாதையிலேயே, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கீழே உட்கார்ந்தாள். பத்தொன்பது வயதில் உட்கார்ந்து அழுத அதே பாதை. கண் நிரம்பியது. ஆனால் அழுகைக்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது.

"என் தராசையே ஏமாத்திட்டியேடா பாவி! முப்பது வருஷத்துல ஒருத்தனும் செய்யல."

"கோபமா?"

"கோபம் இருக்கு. அதைக் கரைக்குப் போய்ச் சொல்றேன். திரும்பிப் போறதா? ஊருக்கே மூட்டை கட்டுறவ நான். ஒரு படுக்கை கட்டத் தெரியாதா எனக்கு? கையைக் கொடு."

அவனைத் தூக்கி நிறுத்தி, நாற்காலியை விரித்து உட்கார வைத்துவிட்டு, பாதை வாயிலிருந்த பெரிய மூட்டையை எடுத்து வந்தாள். சட்டி அவள் மூட்டைக்கு மாறியது. அதை அவளே கேட்டு வாங்கினாள் என்று யோஸ்கோ இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறான்.

தீவில் இறங்கும்போது மதியம் மூன்று மணி. லேசாகச் சரிந்த இடமாகப் பார்த்து, கால்மாடு பள்ளத்தில் வருமாறு கூடாரம் அடித்தாள். இரண்டு லைஃப் ஜாக்கெட்டையும் இடுப்புக்கு நேராகப் போட்டு, மேலே தன் நுரைப்பாயை விரித்தாள். "படு. எழுந்திரு," என்றாள். அவன் படுத்தான், எழ முடியவில்லை. சாப்பாட்டு மூட்டையைக் காலி செய்து, இருவர் துணியையும் அதில் திணித்து உயரம் ஏற்றினாள். மறுபடி படுத்தான்; அந்தப் பக்கம் உருண்டு போனான்.

"நான் என்ன பீப்பாயா?"

"பீப்பாய் இவ்வளவு பேசாது. இரு."

மூட்டையை அவிழ்த்துப் பாதியாகக் குறைத்துத் தட்டையாக்கினாள். கூடார வாசலில் நாற்காலியை நிறுத்தி, அதன் கால்களைக் கல் வைத்து இறுக்கினாள். "காலை முதல்ல வெளியே போடு. நாற்காலிக் கையைப் பிடி. இப்ப எழு."

யோஸ்கோ காலை வெளியே போட்டான். நாற்காலியைப் பிடித்தான். எழுந்து நின்றான்.

"இன்னொரு தரம்," என்றாள் ஐலா. இன்னொரு தரமும் எழுந்தான். மூன்றாவது தரம் அவளே சொல்லாமல் செய்து காட்டினான்.

"நீ எதுல படுப்பே?" என்று கேட்டான்.

"மடிச்ச தார்ப்பாய்ல. எனக்கு இடுப்பு பொறந்ததிலிருந்து ஒரே இடுப்புதான்."

ஐலா கண் விழித்தபோது வெயில் கூடாரத் துணியில் ஏறியிருந்தது. பக்கத்துப் படுக்கை காலி. எழுந்து உட்கார்ந்தாள். அடுத்த நொடி வெண்ணெய் காய்கிற வாசனை வந்தது.

வெளியே வந்தாள். யோஸ்கோ அடுப்புக்கு முன் நாற்காலியில் உட்கார்ந்து இரும்புச் சட்டியில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தான். தானே எழுந்திருக்கிறான். தானே நெருப்பு மூட்டியிருக்கிறான். தொப்பி நிறையப் புளூபெர்ரி வேறு பறித்து வந்திருக்கிறான்.

"இடுப்பு எப்படி?"

"முனகுது. ஆனா நடக்குது. உட்காரு, கருகிடும்."

நாலு அப்பம் சாப்பிட்டாள். ஐந்தாவதும் கேட்டாள். பிறகு மேல்சட்டைப் பைக்குள் கை விட்டு, கசங்கிப்போன அந்த அட்டையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இதையும் சுமந்துட்டு வந்தேன். வழியில எதுக்கும் பயன்படல. மூணாவது குவியல்."

யோஸ்கோ அட்டையை வாங்கினான். "பழைய தோணியை நான் இனித் தூக்க முடியாது ஐலா. அது உண்மைதானே?"

"தூக்க வேண்டாம். நம்ம ஊர் ஏரிக்கரையில கட்டிப் போடு. சாயங்காலத்துல என்னை ஏத்திக்கிட்டுப் போ. இங்க வர்றதுக்கு இந்தப் பிளாஸ்டிக் வாளி போதும்."

அவன் அட்டையைச் சட்டிக்கு அடியில் செருகினான். ஓரம் சுருண்டு பற்றிக்கொண்டது. ஆறாவது அப்பத்துக்கு மாவு ஊற்றினான்.

ஐந்து நாள் கழித்து வீடு வந்து தரைவிரிப்பில் எல்லாவற்றையும் கொட்டியபோது, ஐலா யாரும் சொல்லாமலே இரும்புச் சட்டியை எடுத்து முதல் குவியலில் வைத்தாள். அலுமினியச் சட்டி மூன்றாவதுக்குப் போனது. அடுத்த வருஷச் சாமான் பட்டியலை உடனே எழுத உட்கார்ந்தாள். 'கட்டில், ஐந்து பவுண்டு. சட்டி, ஐந்து பவுண்டு.' இரண்டுக்கும் நேராகச் சுமப்பவர் பெயரை எழுத வேண்டும். கட்டிலுக்கு யோஸ்கோ என்று எழுதினாள். சட்டிக்கு ஐலா என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டாள்.

"பையைத் திறந்து பார்த்துட்டுத்தான் கிளம்புவேன்," என்றாள்.

"பாரேன்," என்றான் யோஸ்கோ, கொட்டகையிலிருந்து தேவதாருத் தோணியை வெளியே இழுத்துக்கொண்டே. "வா, வந்து ஒரு முனையைப் பிடி."