பாதிப் பூசையில் எழுந்து போனவள்

பிலோமினாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் ஷிப்பிங் பில் அடிக்கும் வேலை. அம்மா இறந்தபோது அவளுக்குப் பத்தொன்பது, தம்பி ரோச்சுக்கு ஆறு. அவனுக்குச் சோறு ஊட்டி, காய்ச்சலுக்குக் கண்விழித்து, அவன் சரக்குத் தோணி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு பெண் பார்த்துக் கட்டிவைத்தது அவள்தான். தனக்கென்று ஒரு கல்யாணத்தை அவள் யோசிக்கவே இல்லை.

ரோச்சுக்கு இருபத்தெட்டு வயதில், மாலத்தீவின் மாலி துறைமுகத்துக்குக் காய்கறியும் செங்கலும் ஏற்றிப்போன தோணி புயலில் மூழ்கியது. ஏழு பேரில் நான்கு பேரை வேறொரு கப்பல் காப்பாற்றியது. ரோச் அந்த நால்வரில் இல்லை.

இது நடந்து பதினோரு வருஷம். இப்போது அதை அவள் நாவலாக எழுதிக்கொண்டிருந்தாள். மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்த பிறகு மிச்சமிருக்கும் அரைமணி நேரம்தான் எழுத்து. கரையில் காத்திருந்தது, மீட்கப்பட்டவர்கள் வந்து இறங்கியது எல்லாம் தடையில்லாமல் வந்தன. ஒரு இடத்தில் மட்டும் நின்றுபோனது.

உடல் கிடைக்காமலே ரோச்சுக்கு மாதா கோவிலில் பூசை வைத்த நாள் அது. சாமியார் அவன் பெயரை வாசிக்கும்போது, முதல் வரிசையில் இருந்த அவன் மனைவி ஸ்டெபி எழுந்தாள். செல்போனைக் கையில் பிடித்தபடி வெளியே போனாள். பூசை முடியும்வரை உள்ளே வரவில்லை. கோவிலே பார்த்துக்கொண்டிருந்தது.

நாவலில் அவளுக்கு மெர்சி என்று பெயர் வைத்து, ஏழெட்டுத் தடவை எழுதிப் பார்த்தாள் பிலோமினா. ஒன்றும் சரியாக வரவில்லை. கடைசியில், காயல்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் அதே அலுவலகத்துக்கு வேலைக்கு வரும் பாஹிமாவிடம் படிக்கக் கொடுத்தாள். பாஹிமா கையில் கிடைப்பதை எல்லாம் படிப்பவள்.

“அக்கா, இவ ஏன் வெளிய போறா?”

“திமிரு.”

“திமிரு பிடிச்சவ மொத வரிசையில வந்து ஏன் உக்காரணும்? உக்காந்தவளுக்கு அந்த நேரத்துல என்ன ஆச்சு? நீங்க அவ முதுகத்தான் எழுதியிருக்கீங்க அக்கா. மூஞ்சிய எழுதல.”

பிலோமினாவுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அன்றிலிருந்து காரணம் தேடினாள். மெர்சிக்கு வேறொருவனோடு பழக்கம் என்று எழுதினாள். மயக்கம் வந்தது என்று எழுதினாள். அழுவதற்கு வெட்கம் என்றும் எழுதிப் பார்த்தாள். மறுநாள் படித்தால் எல்லாமே பொய்யாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் வேம்பாருக்கு பஸ் ஏறினாள். பூசை நடந்த மறுநாளே ஸ்டெபி அங்கே தாய்வீட்டுக்குப் போனவள்தான். பிறகு திரும்பவே இல்லை.

ஸ்டெபி முன்னறையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் முடி நரைத்திருந்தது. “வாங்க மைனி,” என்று நாத்தனாரை வரவேற்று எழுந்து நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்தாள். காப்பி கொடுத்தாள். பிலோமினா நேராகவே கேட்டுவிட்டாள்.

“அன்னைக்குப் பூசையில ஏன் எந்திச்சுப் போன?”

ஸ்டெபி தையல் மெஷினிலிருந்து துணியை எடுத்து மடித்தாள்.

“போன் வந்துச்சு மைனி. தெரியாத நம்பர். அவரு மாலியில இருந்து பேசும்போதெல்லாம் யார்கிட்டயாவது போன் வாங்கித்தான் பேசுவாரு. ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பர்லதான் வரும். சாமியார் அவரு பேரச் சொல்லுதாரு, என் கையில போன் அதிருது. நான் என்னன்னு நெனப்பேன்?”

பிலோமினா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“எடுத்தா, காலர் டியூன் வேணும்னா ஒண்ண அமுக்குங்கன்னு ஒரு பொம்பள சொல்லுதா. அதுக்குப் பெறவு எப்படி மைனி உள்ள வருவேன்?”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே ஏளா.”

“நீங்க எங்க சொல்ல விட்டிய? வீட்டுக்கு வந்ததும் எல்லார் முன்னாலயும், எவன்கூடடீ பேசுனன்னு கேட்டிய. நான் போனக் கீழ வச்சிட்டு அறைக்குள்ள போயிட்டேன்.”

அந்த வார்த்தையைச் சொன்னது பிலோமினாவுக்கு நன்றாக நினைவிருந்தது. நாவலின் எந்தப் பக்கத்திலும் அதை அவள் எழுதவில்லை.

புறப்படும்போது, நாவல் எழுதுவதைச் சொல்லி, “இத எழுதலாமா?” என்று கேட்டாள்.

“எழுதுங்க மைனி. ஆனா நீங்க சொன்னதயும் எழுதணும்,” என்றாள் ஸ்டெபி.

மெர்சி எழுந்து போகும் இடம் திங்கட்கிழமை அரைமணி நேரத்தில் வந்துவிட்டது. நாவலில் மெர்சியின் மைனி ‘எவன்கூடடீ பேசுன’ என்று கேட்கும் இடத்துக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த மைனி ஏன் அப்படிக் கேட்டாள்? குடும்ப மானம் என்று எழுதி அடித்தாள். துக்கம் என்று எழுதி அடித்தாள். கல்யாணமான பிறகு மாலியிலிருந்து அழைப்புகளெல்லாம் ஸ்டெபிக்குத்தான் வந்தன. அக்காவை விசாரித்ததாகச் சொல்லும்படி ரோச் அவளிடம் சொல்வான், அவ்வளவுதான். அன்று கோவிலிலும் போன் அதிர்ந்தது ஸ்டெபியின் கையில்தான். பிலோமினாவும் அன்று, அவன் கூப்பிடுவானோ என்று, தன் போனை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அது சத்தமே போடவில்லை. இதை எழுதி முடித்ததும், அலுவலகம் என்றும் பாராமல் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். பாஹிமா வந்து பக்கத்தில் நின்றாள்.

அந்த அத்தியாயத்தை ஸ்டெபிக்குப் போனில் வாசித்துக் காட்டினாள்.

“நான் வேகமாப் போனேன்னு எழுதியிருக்கிய. மெதுவாத்தான் போனேன். வெளிய போற வரைக்கும் போன எடுக்கல, எடுத்தா அவரு குரலா இல்லாமப் போயிருமோன்னு பயம்,” என்றாள் ஸ்டெபி.

பிலோமினா திருத்திக்கொண்டாள். “இந்த வருஷ நினைவுப் பூசைக்கு வா ஏளா. நீயும் நானுமா இருப்போம்.”

“பாக்குதேன் மைனி.”

அந்த நாள் வந்தது. முதல் வரிசையில் தன் பக்கத்து இடத்தில் ஸ்டெபிக்காகக் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பிலோமினா. ஸ்டெபி வரவில்லை.