வோல்ற்றருக்காக எடுத்துவைத்த தோட்டா

என் மனுசன் அகஸ்ரின் தன் வாழ்நாளில் ஒரு துவக்கையும் சுட்டதில்லை. சட்டி மூடி சிங்கில் விழுந்தாலே அவருடைய இடது தோள் துள்ளும். மன்னாரில் பேசாலையை விட்டு வெளிக்கிட்டதே, வெடிச்சத்தம் இல்லாத ஓர் இடத்தில் நிம்மதியாக நித்திரை கொள்ளவேண்டும் என்றுதான். அப்படிப்பட்டவர் கடைசியில் ஸ்காபரோவில் ஒரு துவக்குக் கடையில் போய் மாட்டினார். விதி என்று சனம் சொல்லும். வாய் என்று நான் சொல்வேன்.

அந்தக் கடையில் அவர் முதலில் மீன்பிடிச் சாமான் பக்கம்தான் நின்றார். தூண்டிலும் ஈயக்குண்டும் விற்க மன்னார்க்காரனுக்கு யார் படிப்பிக்க வேண்டும்? முதலாளி கோடன் நல்ல மனுசன். இரண்டு வருடம் கழிய, தோட்டா விற்ற ஆள் பென்சன் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாளைக்கு நீ அங்கே நில் என்று கோடன் இவரை மாற்றிவிட்டார். கொஞ்ச நாள் என்றால் என்ன என்று கேட்கிற ஆளா இவர்? தலையாட்டிவிட்டு வந்தார்.

தொண்ணூற்று மூன்றில் மான் வேட்டைக்கென்று ஒரு புதுத் தோட்டா வந்தது. தோளில் உதைப்பது குறைவு, நேராகப் போகும், தூரத்துக்கும் போகும் என்று பத்திரிகைகளில் விளம்பரம். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது நிலைக்குமா? துவக்கு மூன்று தலைமுறைக்கு உழைக்கும். ஆனால் அதற்கான தோட்டாவைச் செய்கிறவர்கள் நிறுத்திவிட்டால் அது வெறும் இரும்புக்குழாய்.

ஒரே சீசனில் இவருக்கு விடை விளங்கிவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே எனக்குச் சொன்னார்.

“உது நிக்காது எமில்டா. வேட்டைக்குப் போறவன் தோட்டாப் பெட்டியை வீட்டிலை மறந்து விட்டிட்டான் எண்டு வை. காட்டோரத்திலை ஒரு சின்னக் கடை இருக்கும். பாணுக்கும் பாலுக்கும் பக்கத்திலை பழைய தோட்டா எல்லாம் வைச்சிருப்பான். உது இருக்காது. அந்தக் கடைக்காரர் ஒருத்தரும் மொத்தக்காரரிட்டை உதைக் கேக்கேல்லையாம். ரவுணிலை இருக்கிறவன் மட்டும் வாங்கினால் எத்தினை நாளைக்கு நிக்கும்?”

வீட்டில் இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவர் கடையில் என்ன சொன்னார் தெரியுமா?

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒருவர் புதுச்சாமான் வாங்கிக் கொண்டுவந்து காட்டினால் வாயால் நல்லதுதான் சொல்லவேண்டும். துருப்பிடித்த காரை வாங்கி வந்தாலும், கதவைத் திறந்து மூடிப் பார்த்து, “நல்ல வண்டி, கனகாலம் ஓடும்” என்போம். சொல்லுகிறவனும் நம்புவதில்லை, கேட்கிறவனும் நம்புவதில்லை. அது ஒரு மரியாதை, அவ்வளவுதான். வெள்ளைக்காரனுக்கு இது தெரியாது என்பதை இவர் மறந்துபோனார்.

வோல்ற்றர் என்று ஒரு கிழவர், கராஜில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தோட்டாவுக்கான துவக்கைக் கோடனிடம் வாங்கிக் கையில் ஏந்திக்கொண்டு இவரிடம் வந்தாராம். இருபது வருடம் போனாலும் இதற்குத் தோட்டா கிடைக்குமா என்று கேட்டாராம். இவர் பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் அந்தத் துவக்கைப் பார்த்திருக்கிறார். “கட்டாயம் கிடைக்கும். யோசிக்காதைங்கோ, நான் இருக்கிறன்தானே” என்று தன் இங்கிலிசில் சொல்லியிருக்கிறார். கோடன் அதைக் கேட்டுவிட்டு, அகஸ்ரினே சொல்லிவிட்டான் என்று இன்னும் ஏழெட்டுப் பேருக்கு அந்தத் துவக்கைத் தள்ளிவிட்டார்.

இவர் எனக்குச் சொன்னபடியேதான் நடந்தது. மூன்று வருடத்தில் அந்தத் தோட்டா வாடிப்போனது. மொத்தக்காரர்கள் எடுப்பதை நிறுத்தினார்கள். வாங்கியவர்கள் ஒவ்வொருவராகப் பழைய துவக்குக்கே திரும்பினார்கள். வோல்ற்றர் மட்டும் ஒவ்வொரு செப்ரெம்பரும் முதல் சனிக்கிழமை வந்து நின்றார். அவருக்காக இவர் கோடை முழுக்க அங்கும் இங்கும் போன் அடித்து, நாலைந்து பெட்டியைத் தேடிப் பிடித்து, கவுண்டருக்குக் கீழே பெயரெழுதி வைப்பார்.

“ஒரு கிழவனுக்காக ஏனப்பா மாயிறியள்?” என்று கேட்டால், “சொன்னது சொன்னதுதான்” என்பார்.

தொண்ணூற்று எட்டு ஓகஸ்டில் ஒரு கதவு திறந்தது. எங்கள் கோயிலுக்கு வருகிற சீமோன் அண்ணை மோர்னிங்சைட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெயார்டேக்கர். தனக்குத் துணையாக ஓர் ஆள் வேண்டும் என்று இவரைக் கேட்டார். கூட்டித் துடைக்கிற வேலைதான், ஆனால் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அதைக் கேட்டபோது இவருடைய முகத்தைப் பார்க்கவேண்டும். “சத்தமெண்டால் பிள்ளையளின்ரை சத்தம் மட்டும்தான் என்ன?” என்று இரண்டு தரம் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாள் முழுக்க யாரோ ஒருவன் துவக்கை இழுத்து ‘கிளிக்’ என்று பூட்ட, ஒவ்வொரு முறையும் தோள் துள்ளாமல் பிடித்துக்கொண்டு சிரிக்கிற மனுசன் அவர்.

கோடனிடம் சொல்லப் போனவர் தொங்கின முகத்தோடு வந்தார். நீ போனால் அந்தத் தோட்டாவை நான் எடுப்பிக்கமாட்டேன், ஒரு ஆளுக்காக யார் அலைவது என்று கோடன் சொன்னாராம். அதில் பிழையும் இல்லை.

“வோல்ற்றருக்கு ஆர் எடுத்துக் குடுக்கிறது?” என்றார் இவர்.

“அவர் கேட்டவரோ உங்களை இருக்கச் சொல்லி?”

“நான் இருக்கிறன் எண்டு சொன்னனான்.”

சீமோன் அண்ணை பள்ளிக்கூடம் திறக்கிற செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னார். அதற்கு முந்திய சனி, செப்ரெம்பரின் முதல் சனி. நான் இவருக்குச் சொல்லாமல் பஸ் எடுத்துப் போய்க் கடையின் பார்க்கிங்கில் நின்றேன். வோல்ற்றர் பெட்டிகளோடு நொண்டி நொண்டி வெளியே வந்தார். என் இங்கிலிசும் அப்படித்தான், நொண்டும். ஆனால் கோபம் வந்தால் ஓடும். என் மனுசன் உங்களுக்குச் சொன்னது பொய், அந்தத் தோட்டா நிலைக்காது என்று அன்றைக்கே அவருக்குத் தெரியும், தயவுசெய்து அவரை விட்டுவிடுங்கள் என்று கொட்டித் தீர்த்தேன்.

கிழவர் காரின் பின்பக்கத்தைத் திறந்தார். உள்ளே போன வருடத்துப் பெட்டிகள், அதற்கு முந்திய வருடத்துப் பெட்டிகள். ஒன்றும் உடைக்கப்படவில்லை.

தனக்கும் அது தெரியும் என்றார். முழங்கால் போய்விட்டதாம், காட்டுப்பக்கம் போய்க் கன நாளாம். அந்தத் துவக்கையே விற்று இரண்டு வருடமாம்.

“பிறகேன் வாங்கிறீங்கள்?” என்று கத்தினேன்.

அகஸ்ரின் வோல்ற்றர் என்று எழுதின பெட்டிகளைக் கவுண்டருக்குக் கீழேயிருந்து எடுத்து, இரண்டு கையாலும் நீட்டுவான், அந்த முகத்தைப் பார்த்து எப்படி வேண்டாம் என்பது என்றார். பிறகு என் கையைப் பிடித்து, அவனுக்குச் சொல்லிவிடாதே என்று கெஞ்சினார்.

நான் ஏன் சொல்லாமல் விடுகிறேன்? இவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டேன். அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

“துவக்கை வித்துப்போட்டாரோ?”

“ஓம். ரெண்டு வருசமாம்.”

“அப்ப நான் போகலாம்.”

அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். ஞாயிறு பூசை முடிய இவர் சீமோன் அண்ணையோடு சிரித்துச் சிரித்துக் கதைத்ததை என் கண்ணால் கண்டேன். பின்னேரம் தேத்தண்ணி கொடுக்கப் போனால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

“எமில்டா, நான் இப்ப திடீரெண்டு விட்டிட்டுப் போனால், நீ எனக்குச் சொல்லிப்போட்டாய் எண்டு அவருக்கு விளங்கிடும்.”

“விளங்கட்டும்!”

“வெக்கமாப் போயிடும் அந்த மனுசனுக்கு. எத்தினை வருசமா எனக்காக வாங்கியிருக்கிறார். இன்னும் ஒரு சீசன் போகட்டும்.”

அன்று நான் போட்ட சத்தம் கீழ் வீட்டுக்கும் கேட்டிருக்கும். விற்றதும் ஒரு விசர், வாங்கினதும் ஒரு விசர், இரண்டுக்கும் நடுவில் சாகிறது நான் என்றேன். இவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுக் கோப்பையைத் தானே கழுவி வைத்தார்.

செவ்வாய் காலை சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குத்தான் போனார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. சீமோன் அண்ணை.

“என்ன தங்கச்சி, அகஸ்ரின் வாறானோ?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு, கடைக்குப் போய் அவரை இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

“அவருக்கு அங்கையும் முக்கியமான வேலை இருக்காம் அண்ணை. உங்களுக்கு நல்ல ஆளாக் கிடைப்பார், யோசிக்காதைங்கோ.”

போனை வைத்துவிட்டு, வந்த ஆத்திரத்தில் சட்டி மூடியைச் சிங்கில் ஓங்கி அடித்தேன். வீடே அதிர்ந்தது. துள்ளுவதற்கு அங்கே ஒரு தோள் இல்லை. பின்னேரம் அவர் வந்து சாப்பிட இருந்தபோது, அதே மூடியைச் சத்தமில்லாமல்தான் எடுத்து வைத்தேன்.