மந்திரி வீட்டுச் சமையற்காரி

சமையற்காரி ஹம்பவ்வாவின் மகள் காய்ச்சலில் கிடந்த அன்று, ஒருவருக்கும் சொல்லாமல் விடியுமுன் கிணற்றில் நீர் இறைத்து அடுக்களையில் வைத்தவர் மந்திரி நரஹரி சாஸ்திரி. சீடருக்கு வேதாந்தமும் அரசருக்கு நியாயமும் சொன்ன மனிதர், இன்று துறவு பூண ஆற்றங்கரை மடத்துக்குப் புறப்பட்டுவிட்டார். துறவி அடுப்பு மூட்டக்கூடாது. தனக்கென்று சமைத்ததை வாங்கவும் கூடாது; வீடு வீடாகப் பிச்சை ஏற்றே உண்ணவேண்டும். ஆனேகுந்தி ஊரிலோ வீட்டுக்கு வீடு மிளகுக் காரம். அவருக்கோ இருபது வருஷத்து வயிற்றுப்புண். ஹம்பவ்வா வாசல்வரை ஓடிவந்தாள்.

"ஒரே வாரத்துல படுத்துருவீங்க சாமி. மிளகில்லாம ஒரு சட்டி தனியா வச்சிடறேனே."

"தனியா வச்சா தொடமாட்டேன்."

"அப்புறம் எப்படிப் பிழைப்பீங்க?"

படியிறங்கியவர் கடைசியாகத் திரும்பினார். "உன் வீட்ல எல்லாருக்குமே மிளகைக் குறைச்சிடு. தெருவுலயும் சொல்லிவை. மந்திரி புத்தி, ஹம்பவ்வா, போக நாளாகும்."