உங்கள் அப்பா சிரித்தாரா?

இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறேன். தானாக எழ முடியாதவரின் அறையானாலும் கதவைத் தட்டி, வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். மலேசியாவில், கோலா சிலாங்கூர் பக்கம் நான் பிறந்த எஸ்டேட்டில், வேலைக்கு ஆள் கூட்ட வரும் மண்டோர் லயத்து வீட்டுக் கதவைத் தடியால்தான் தட்டுவார், பதிலுக்கு நிற்கமாட்டார்.

இங்கே நான் தினமும் தட்டும் ஒரு கதவுக்குப் பின்னால் ஒரு நடிகர் இருக்கிறார். கடற்கரை ஊர்களின் சின்ன மேடைகளில் ஆரம்பித்துத் தொலைக்காட்சிக்கு வந்தவர். எத்தனையோ வேடம் போட்டாலும் அவரைத் தூக்கிவிட்டது ஒன்றுதான்: மலாயா ரப்பர் தோட்டத்துக் கூலி. முகத்தில் பழுப்புச் சாயம் பூசி, துரையைக் கண்டதும் தோள் துண்டை உருவி அக்குளில் செருகி, குனிந்தபடியே பின்னோக்கி நடந்து ரப்பர் பால் வாளியில் விழுவார். வாராவாரம் விழுந்து பெரிய வீடு வாங்கினார். பிறகு காலம் மாறியது. அந்தத் தொடரைக் காட்டவே வெட்கப்பட்டுப் பூட்டி வைத்துவிட்டார்கள். இப்போது அவரைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை.

அவரை எனக்கு முன்பே தெரியும். பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய விசிடியில் அவரைப் பார்த்து அப்பா கண்ணில் நீர் வரச் சிரிப்பார், செம்பனைக் குலை வெட்டிய கையைக்கூடக் கழுவாமல். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றில் படித்த ஆங்கிலத்தை வைத்து ஒவ்வொரு வசனமாக விளக்கினேன். "ஒங்களத்தாம்ப்பா கேலி பண்றாங்க."

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்லா. டிவியில நம்மள வேற யாரு காட்டுறா?"

நான் படித்து முடித்தபின், மண்டோரைக் கண்டாலே எழுந்துவிடும் அப்பா யார் முன்னாலும் எழுந்து நிற்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

போன மாதம் நடிகருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே, என் அப்பா அப்படி ஒரு கூலிதான் என்றேன். கூசட்டும் என்றுதான் சொன்னேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கள் அப்பா சிரித்தாரா?"

பொய் சொல்ல வரவில்லை. சிரித்தார் என்றேன். கிழவர் அழுதார். அந்த ரசிகரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று தினமும் நச்சரித்தார். சரி, பார்க்கட்டும். நான் சுங்கை பெசாரில் வாங்கிக் கொடுத்த வீட்டில், சாய்வு நாற்காலியில், கால்மேல் கால் போட்டிருக்கும் மனிதரைப் பார்த்து வெட்கப்படட்டும். யார் என்று சொல்லாமல், வீடியோ அழைப்பில் ஒரு வெள்ளைக்காரர் பேசுவார், எழுந்திருக்கக் கூடாது என்று அப்பாவிடம் மூன்று முறை சொல்லிவைத்தேன். "ஏம்மா, கவர்னரா வர்றாரு?" என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

கைப்பேசித் திரையில் வெள்ளை முகம் தெரிந்த கணமே அப்பா எழுந்துவிட்டார். தோளிலிருந்த துண்டு அக்குளுக்குப் போனது. அவர் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை.

"பார், என்னையே நடித்துக் காட்டுகிறார்!" என்று கை தட்டினார் நடிகர். விடுவாரா? நடக்க உதவும் சட்டத்தைப் பிடித்து எழுந்து, குளியல் துண்டை அக்குளில் செருகிக் குனிந்தார்.

"ஒக்காருங்கப்பா," என்றேன்.

"அவரு நிக்கிறாருல்ல. மொதல்ல அவர ஒக்காரச் சொல்லும்மா."

நடிகரிடம் சொன்னேன். ரசிகர் நிற்கும்போது நான் உட்காருவதா என்று இன்னும் தாழக் குனிந்தார். கால் தடுமாறியது. விழுந்துவிடாமல் இடது கையால் அவர் இடுப்பை அணைத்துப் பிடித்தேன். வலது கையில், கைப்பேசிக்குள், அப்பா நின்றுகொண்டிருந்தார்.